தோல்விக்குப் பொறுப்பு ஆடியவருக்கா, அணியை அமைத்தவருக்கா?

கேள்வி:
2014 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றதும் யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11 ஓட்டங்கள் எடுத்ததுதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. அன்று இலங்கையின் பந்துவீச்சு கடைசி ஓவர்களில் மிகத் துல்லியமாக இருந்தது. அதிரடி ஆட்டக்காரரான ரெய்னா மட்டை பிடிக்காமலேயே இந்தியாவின் இன்னிங்ஸ் 130 ஓட்டங்களில் முடிந்தது. யாரை எப்போது களமிறக்குவது என்பது யுவராஜின் முடிவு அல்லவே? அப்படியிருக்க, பழி மட்டும் ஏன் எப்போதும் ஆடியவர் தலையிலேயே விழுகிறது?

பதில் 1:
கண்ணுக்குத் தெரிவது மைதானத்தில் நிற்பவர்தான் என்பதால். அணித் தேர்வின் பிழை மெதுவாகத்தான் வெளிப்படும். 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஆஃப் ஸ்பின்னர் அஸ்வினை வெளியே உட்காரவைத்து, நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடும் ஜடேஜாவோடும் இறங்கினோம்; எதிரணியான ஆஸ்திரேலியாவிலோ, ஆஃப் ஸ்பின் பந்து வெளியே திரும்பிச் செல்லும் இடக்கை ஆட்டக்காரர்கள் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று வரிசையாக இருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 76 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் விழுந்தபோது முடிவு சரியென்றே தோன்றியது. அதன்பின் ஹெட்டும் ஸ்மித்தும் சேர்ந்து 285 ஓட்டங்கள் குவித்தார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் நம் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் நேதன் லயன்; அவரும் ஆஃப் ஸ்பின்னர். 209 ஓட்ட வித்தியாசத்தில் தோற்ற பிறகு மட்டையாளர்களின் தவறான ஷாட்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

பதில் 2:
முதல் நாள் காலையில் மேகமூட்டம் இருந்தது, ஆடுகளத்தில் புல் இருந்தது. டாஸ் வென்று பந்துவீசத் தீர்மானித்த தலைவர் நான்காவது வேகப்பந்து வீச்சாளரை நாடியதைப் பெருங்குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நாள் போட்டிக்கான அணியை முதல் இரண்டு மணி நேரத்தை மனத்தில் வைத்து அமைக்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதே சமயம், ஆஸ்திரேலியாவின் 469 ஓட்டங்களுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 296 ஓட்டங்களில் சுருண்டதற்கு மட்டையாளர்களும் பொறுப்பேற்க வேண்டும். அஸ்வின் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

கேள்வி கேட்டவர்:
விமர்சனம் வேறு, வசை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 2021 அக்டோபரில் துபாயில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தான் நமக்கு எதிராக விக்கெட் இழக்காமல் 152 ஓட்டங்களை எட்டியது. நம் தரப்பில் பந்துவீசிய ஐந்து பேரில் ஒருவருக்கும் விக்கெட் கிடைக்கவில்லை. ஆனாலும் 3.5 ஓவர்களில் 43 ஓட்டங்கள் கொடுத்த வேகப்பந்து வீச்சாளர் ஷமியை மட்டும் பிரித்தெடுத்து, அவருடைய மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்பு அப்போதைய தலைவர் கோலி வெளிப்படையாக ஷமி பக்கம் நின்றது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தோற்ற அன்றே தேர்வுக் குழுவும் அணி நிர்வாகமும் ‘இந்தப் பதினோரு பேரை இன்ன காரணத்துக்காகத்தான் எடுத்தோம்’ என்று சொல்லிவிட்டால், வீரர்கள் தனியாகச் சிக்கிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

பதில் 1:
சொல்ல வேண்டும். டாஸின்போது தலைவர் சொல்லும் இரண்டு வரி அதற்குப் போதாது.