குளிர்கால மிதிவண்டிப் பயணத்துக்கு மழை தாங்கும் பருத்தி ஜாக்கெட்: வென்டைலா, மெழுகுத் துணியா?

கேள்வி:
நாள்தோறும் பணிக்கு ஏறத்தாழ 50 நிமிடம் மிதிவண்டியில் செல்கிறேன். குளிர்காலக் காலைகளில் வெப்பநிலை 0 முதல் 5 டிகிரி வரை இருக்கும். தூறல் அடிக்கடி உண்டு, அடைமழை அரிது. இப்போது அணியும் நைலான் மழைக்கோட்டு வெளியிலிருந்து ஒரு துளியையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் ஒரு மேட்டை ஏறி முடிப்பதற்குள் வியர்வையில் ஊறிவிடுகிறேன். இறக்கத்தில் அந்த ஈரமே நடுங்க வைக்கிறது. பருத்திக்கு மாறலாமா? மாறினால் எந்த வகை? நனைந்த பருத்தி குளிரில் ஆபத்தானது என்கிறார்களே?

மறுமொழி 1:
அந்த எச்சரிக்கை முதன்மையாக உடலை ஒட்டி அணியும் பருத்திக்கு உரியது. உள்ளே மெல்லிய கம்பளி பனியனும், மேலே காற்றைத் தடுக்கும் பருத்தியும் அணிந்தால் நிலைமை வேறு.

இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் பிரிட்டன் விமானிகளைக் காக்கும் உடைகளுக்காக மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையத்தில் உருவானது வென்டைல். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்த துணி இது. பூச்சுப் படலம் எதுவும் கிடையாது. நனையும்போது நூல்கள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. உலர்ந்திருக்கும்போது வியர்வையின் ஆவி அதே இடைவெளிகள் வழியே வெளியேறுகிறது. குறையும் உண்டு: நீடித்த மழையில் துணி கனத்து விறைத்துப்போகும், காயவும் நேரமெடுக்கும். உங்கள் தூறலுக்கு ஒற்றை அடுக்கே போதும். இரட்டை அடுக்கு கூடுதலாக மழை தாங்கினாலும், மிதிப்பவருக்கு அது சுமையும் புழுக்கமுமே.

மறுமொழி 2:
மெழுகு பூசிய ஜாக்கெட்டை நான் இரண்டு குளிர்காலம் அணிந்தேன். மழையைத் தடுப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாரஃபின் மெழுகு துணியின் துளைகளையும் அடைத்துவிடுவதால் நைலான் கோட்டில் பட்ட அதே புழுக்கம்தான். முதுகுப்பையின் வார் உரசிய இடங்களில் மெழுகு தேய்ந்து, முதலில் தோள்கள்தான் நனைந்தன. சலவை இயந்திரத்திலும் போட முடியாது. (அலுவலக நாற்காலியில் ஏறிய கறையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.) மெதுவாக நடப்பவருக்கு அது நல்ல உடை, மேடு ஏறுபவருக்கு அன்று.

மறுமொழி 3:
துணியைவிட ஜாக்கெட் தைக்கப்பட்ட வடிவத்தைப் பாருங்கள். கைப்பிடியை நோக்கிக் குனியும்போது முதுகுப் பக்கம் மேலேறி இடுப்பு வெளியே தெரியும். ஆகவே பின்புறம் நீண்டும், ஜாக்கெட்டின் கைகள் மணிக்கட்டைச் சற்றுத் தாண்டியும், அக்குளில் ஜிப் வைத்தும் இருக்க வேண்டும். கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கைகளை முன்னே நீட்டிக் குனிந்து பாருங்கள். நடைப்பயணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டுகள் பலவும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி. ஒற்றை அடுக்கு வென்டைல் என்று முடிவு செய்துவிட்டேன். அதைத் துவைப்பது எப்படி?

மறுமொழி 1:
மென்மையூட்டும் திரவம் சேர்க்கவே கூடாது. வழக்கமான சலவைத்தூளின் எச்சமும் நீரை ஈர்க்கும். ஆகவே சோப்பு வகைத் திரவத்தில் துவைத்து நன்றாக அலசுங்கள். துளிகள் உருண்டோடாமல் துணியில் பரவத் தொடங்கினால், நீர்விலக்கித் திரவத்தை மீண்டும் ஏற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.