லைசன்ஸ் டாங்கிளுக்கு யூஎஸ்பி சர்வர்: பினாங்கில் யாராவது பயன்படுத்துகிறீர்களா?
வணக்கம். பாயான் லெப்பாஸில் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ (ESXi) ஓடும் 3 ஹோஸ்ட் சர்வர், அவற்றின் மேல் 22 விர்ச்சுவல் மெஷின். 2024 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-22252 (CVE) பாதுகாப்பு ஓட்டை, மெஷினுக்குள் அட்மின் உரிமை பிடித்தவன் அதன் விர்ச்சுவல் யூஎஸ்பி கன்ட்ரோலர் வழியாக, ஹோஸ்ட்டில் அந்த மெஷினை ஓட்டும் விஎம்எக்ஸ் பிராசஸில் கோட் ஓட்ட இடம் கொடுத்தது. இஎஸ்எக்ஸ்ஐயில் அது அந்த பிராசஸை அடைத்து வைக்கும் சாண்ட்பாக்ஸோடு நின்றது. 2025 மார்ச்சில் வந்த சிவிஇ-2025-22225 அந்தச் சாண்ட்பாக்ஸையே தாண்ட வைத்தது. அதற்குப் பேட்ச் மட்டும்தான் வழி, போட்டாயிற்று.

இருந்தாலும் தேவையில்லாத கதவு எதற்கு? 21 மெஷினில் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டோம். கீபோர்டு, மவுஸ் பிஎஸ்/2 வழி என்பதால் கன்சோல் கெடவில்லை.

மிஞ்சியது ஒன்று: கணக்கு சாஃப்ட்வேரின் லைசன்ஸைக் காட்டும் யூஎஸ்பி டாங்கிள் தேவைப்படும் மெஷின். டாங்கிளைச் செருகி நெட்வொர்க் வழியாக மெஷினுக்குக் கொடுக்கும் யூஎஸ்பி சர்வர் பெட்டி வைத்தால் டிரைவர் மெஷினுக்குள்ளேயே இருக்கும், ஹோஸ்ட் தரும் விர்ச்சுவல் கன்ட்ரோலர் வேண்டாம். ஓடும் மெஷினை வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் வி-மோஷனுக்குப் (vMotion) பிறகு டாங்கிளின் இணைப்பு விடுபடுகிறதா? யூஎஸ்பி சர்வரைத் தனி விலேனில் (VLAN, பிரித்து வைத்த நெட்வொர்க்) வைத்தீர்களா? எந்த மாடல் என்றும் சொல்லுங்கள்.