மொத்தக் கொலஸ்ட்ரால் 168. பிறகு எப்படி மாரடைப்பு?

குடியாத்தம் தறிக்காரர்:
பெரியப்பா மகனுக்கு 46 வயதில் அட்டாக். அதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 168, நார்மல் என்றே போட்டிருந்தார்கள். மஞ்சள் கருகூடத் தொடமாட்டார். கொலஸ்ட்ரால் கணக்கெல்லாம் பணக்கார நாட்டுக்காரர்களுக்கு, நமக்குப் பொருந்தாது என்றே தோன்றுகிறது.

காட்பாடி லேப்:
அண்ணே, அதே தாளில் கீழே நல்ல கொழுப்பான எச்டிஎல்லும், இன்னொரு வகை ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடும் எவ்வளவு?

குடியாத்தம் தறிக்காரர்:
எச்டிஎல் 29, டிரைகிளிசரைடு 260, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 87.

காட்பாடி லேப்:
இதை நார்மல் என்று எப்படி விட்டார்கள்? ஆண்களுக்கு எச்டிஎல் 40க்கு மேலும், டிரைகிளிசரைடு 150க்குக் கீழும் இருக்க வேண்டும். நம் ஆட்களிடம் அதிகம் காண்பதே இந்த அமைப்புதான். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2014ல் வெளிவந்த ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதம்தான். எச்டிஎல் குறைந்தவர்களோ 72.3 சதவீதம். டிரைகிளிசரைடு ஏறினால் எல்டிஎல் துகள்கள் சிறுத்துவிடும், அதே 87க்குள் எண்ணிக்கையில் அதிகம் இருக்கும். மொத்தம் 168லிருந்து எச்டிஎல் 29ஐக் கழியுங்கள். 139. அந்த 139 முழுவதும் ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்புதான். இதற்குத் தனி டெஸ்ட்டே வேண்டாம்.

ஆம்பூர் வாசகர்:
லேப் நண்பர் எல்லாவற்றையும் கொழுப்பின் தலையில் கட்டுகிறார். எச்டிஎல்லை ஏற்றிய டார்செட்ரபிப் மருந்தால் சாவு கூடியது, 2006ல் சோதனையையே நிறுத்தினார்கள். 17 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2014ல் என்ன சொன்னது? ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்தது பணக்கார நாடுகளில், இதய நோயால் அதிகம் செத்தது ஏழை நாடுகளில். மருந்தும் சிகிச்சையும் எட்டாததுதான் நம் பிரச்சினை. அண்ணன் பீடி பிடிப்பாரா?

குடியாத்தம் தறிக்காரர்:
ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

ஆம்பூர் வாசகர்:
அதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா!

காட்பாடி லேப்:
எச்டிஎல்லை மாத்திரையால் ஏற்றிப் பயனில்லை, சரி. ஆனால் அது குறைவாக இருப்பது உள்ளே ஏதோ கெட்டிருப்பதற்கு அடையாளம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் (2004) மாரடைப்புக்கான காரணங்களில் கெட்ட, நல்ல கொழுப்புத் துகள்களின் விகிதமும் புகையும்தான் முன்னால் நின்றன. பீடியைச் சொல்லிக் கொழுப்பைத் தள்ளிவிட முடியாது.
சாப்பாட்டையும் பாருங்கள். முட்டையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறோம். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றும். குடித்தாலும் ஏறும். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் 1991-94க்கும் 2010-12க்கும் இடையில் சர்க்கரை நோய் மூன்று மடங்கானது. சர்க்கரையும் இந்தக் கொழுப்பு அமைப்பும் சேர்ந்தே வரும்.

ஆம்பூர் வாசகர்:
தறி ஓட்டுகிறவரிடம் சோற்றைக் குறை என்றால் பசிக்கு என்ன செய்வார்? கடலையும் பயறும் இன்று என்ன விலை? அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

குடியாத்தம் தறிக்காரர்:
இன்னொரு சந்தேகம். டிஸ்சார்ஜ் சீட்டில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 80 மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எல்டிஎல் 87தானே, எதற்கு என்று அண்ணி நிறுத்தச் சொல்கிறார்.

காட்பாடி லேப்:
டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அட்டாக் வந்தவருக்கு 87 அதிகம்.

ஆம்பூர் வாசகர்:
நிறுத்த வேண்டாம். கைக்காசு போட்டு வாங்குகிறீர்களா, அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிறதா?