கூகுள் ட்ரெண்ட்ஸில் பூஜ்யம் காட்டினால் அந்தத் தலைப்பை விட்டுவிடலாமா?

முந்திரித்தோப்பு (பண்ருட்டி):

வணக்கம். எங்கள் வீட்டில் முந்திரித் தொழில். காடாம்புலியூர் பக்கம் தோப்பும், கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கிற சின்னப் பட்டறையும் இருக்கின்றன. தமிழில் ஓர் இணையதளம் தொடங்க ஆசை. விலைப்பட்டியல் மட்டும் போட்டு வைக்கிற தளமாக இருக்கக் கூடாது. வருகிறவர்களுக்குப் படிக்க விஷயம் இருக்க வேண்டும், அதை நம்பி நாலு பேர் பருப்பும் வாங்க வேண்டும்.

முந்திரி, பலாப்பழம், கடலூர் மாவட்டச் சுற்றுலா என்று மூன்று தலைப்புகள் மனதில் இருக்கின்றன. எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் மூன்றையும் போட்டு, கூடவே 'பாண்டிச்சேரி பீச்' என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். பீச் உச்சியில் நிற்கிறது. 'பண்ருட்டி பலாப்பழம்' தரையோடு தரையாகக் கிடக்கிறது. 'முந்திரி தரம்' என்று போட்டால் பூஜ்யம்தான். தளம் செய்து தருவதாகச் சொன்ன நண்பர், "ஆள் தேடாததை எழுதி என்ன பண்ணப்போறே, பாண்டிச்சேரி டூரிசம் எழுது" என்கிறார். எனக்குப் பாண்டிச்சேரி பற்றி நாலு வரிக்கு மேல் தெரியாது. என்ன செய்யலாம்?

கெடிலக்கரை (கடலூர்):

தம்பி, முந்திரியை விடாதீர்கள். அந்த வரைபடத்தை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம்.

ட்ரெண்ட்ஸ் காட்டும் எண் ஆள் கணக்கு இல்லை. நீங்கள் குறித்த இடத்தில், குறித்த காலத்தில் தேடல் எப்போது உச்சமோ அதை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதற்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறது. நாலைந்து சொல்லை ஒன்றாகப் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். பாண்டிச்சேரி பீச்சின் பக்கத்தில் நிறுத்தினால் பலா படுத்துத்தான் கிடக்கும். பலாவைத் தனியாகப் போடுங்கள். இடம் தமிழ்நாடு, காலம் ஐந்து வருஷம். அறுவடை மாதங்களில் கோடு ஏறுகிறதா, வருஷா வருஷம் அதே மாதிரி ஏறுகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் காட்டுகிற அளவுக்குத் தரவு சேரவில்லை என்றுதான் அர்த்தம். யாருமே தேடவில்லை என்று ஆகாது.

நான் வடலூர், சிதம்பரம், பிச்சாவரம் வருகிறவர்களுக்காக ஒரு தளம் நடத்துகிறேன். வடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு திரை நீக்கிக் காட்டும் ஜோதி தரிசனத்துக்குத் தைப்பூசத்தன்று கூட்டம் அலைமோதும். அந்தத் தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. ஆங்கில மாதத்தை வைத்து ஒப்பிடுகிறவர், 2025 ஜனவரியில் ஆர்வம் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். விழவில்லை, நாள் தள்ளிப் போயிருக்கிறது. நம் ஊர் விஷயங்களுக்குப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொன்று புயல். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் 'கடலூர்' என்று தேடியவர்கள் வெள்ளி கடற்கரைக்கா வழி கேட்டிருப்பார்கள்? அந்த வாரம் 100 ஆகிவிட்டால் மற்ற வாரமெல்லாம் குட்டையாகத் தெரியும். வெறும் ஊர்ப்பெயரைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமானால் ட்ரெண்ட்ஸில் 'வகை' என்று இருக்கிற இடத்தில் பயணம் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் புயல் வாரம் வராதபடி தேதியை வையுங்கள்.

ஆள் கணக்கு ஓரளவுக்காவது வேண்டும் என்றால் கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கிற கீவேர்ட் பிளானர்தான். ஒரு சொல்லை மாதத்துக்குச் சராசரியாக எத்தனை முறை தேடுகிறார்கள் என்று அது சொல்லும். விளம்பரம் ஓடாத கணக்குக்கு 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று அகலமாகத்தான் காட்டும். அது போதும். அதில் 'போட்டி' என்று இருப்பது விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் நடக்கும் போட்டி. கட்டுரை எழுதி மேலே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறைய பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். பட்டறைக்குப் போன் பண்ணுகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்?

வில்லியனூர்வாசி (புதுச்சேரி):

நண்பர் சொல்கிற பாண்டிச்சேரி டூரிசம் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சொல்லைக் கூகுளில் போட்டு முதல் பக்கத்தைப் பாருங்கள். அறை பதிவு செய்கிற பெரிய நிறுவனங்கள்தான் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் இங்கேயே இருந்துகொண்டு எழுதியும் உள்ளே நுழைவது பெரும்பாடாக இருக்கிறது.

ட்ரெண்ட்ஸில் முந்திரியைத் தமிழ் எழுத்தில் மட்டும் பார்க்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். இரண்டையும் நடுவில் கூட்டல் குறி போட்டு ஒரே பெட்டியில் கொடுத்தால் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும்.

முந்திரித்தோப்பு:

அண்ணே, போனில் அதிகம் கேட்பது டபிள்யூ 240க்கும் 320க்கும் என்ன வித்தியாசம் என்பதுதான். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது. எண் கூடக் கூடப் பருப்பு சிறுசு. 320 பெருசு என்று நினைத்துக் கேட்கிறவர்களிடம் எங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வார். அடுத்தது, பாயசத்துக்கு உடைத்த பருப்பு போதுமா, மழைக்காலத்தில் நமுத்துப்போகாமல் எப்படி வைப்பது. கொட்டையை வீட்டிலேயே உடைக்கலாமா என்றும் கேட்பார்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், வேண்டாம் என்போம்.

கெடிலக்கரை:

உங்கள் தளமே இதுதான், தம்பி. இந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கம். 'முந்திரி' என்று கூகுளில் தட்டி, பின்னால் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். கீழே நீளும் பரிந்துரைகளில் அம்மா பதில் சொல்கிற கேள்விகளே பல வரும். எந்தக் கேள்வி எந்தச் சொல்லில் வருகிறதோ அந்தச் சொல்லையே பக்கத்தின் தலைப்பாக வையுங்கள்.

பலாவை அதே தளத்தில் ஒரு கிளையாக வைக்கலாம். ஆனால் வரத்து தொடங்கியபின் எழுத உட்காராதீர்கள், தை மாதத்துக்குள் எழுதிப் போட்டுவிடுங்கள். புதுத் தளத்தைக் கூகுள் கண்டெடுத்து நிதானத்துக்கு வர மாதங்கள் ஆகும். தீபாவளிப் பலகாரத்துக்கான முந்திரிப் பக்கங்களை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். சுற்றுலாவை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

தளம் வந்த அன்றே, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் இணைத்துவிடுங்கள். எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் தேடலில் தலைகாட்டியது என்று 16 மாதம் வரைக்கும் அதில் பார்க்கலாம். அங்கே நீங்கள் எழுதாத கேள்வி ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த பக்கம் அதுதான். தரம் பற்றிய பக்கத்தில் 180, 210, 240, 320 நாலையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அந்தப் படம் உங்கள் பட்டறையில் எடுத்ததாக இருக்கட்டும்.