பெரிய வீட்டுக் குழு: அப்பா புல்லட்டின் உயரம்

தேன்மொழி: அப்பா புல்லட்டின் பின் ஷாக் அப்சார்பரை இறக்கலாம் என்று இருக்கிறேன். வண்டியை நிறுத்தினால் இரண்டு காலும் நுனி விரலில்தான் நிற்கின்றன. சிக்னலில் பக்கத்தில் பஸ் வந்தால் உயிர் போகிறது. நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?

கார்த்தி: அக்கா, ஒன்றரை அங்குலம் குட்டையான ஷாக் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு நட், கீழே ஒரு நட். அரை மணி நேர வேலை.

மீனா அத்தை: பேசாமல் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன்டி.

தேன்மொழி: அத்தை 🙄

கார்த்தி: காசு வேண்டாம் என்றால் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே இரண்டு சுற்று வெட்டிவிடலாம். என் நண்பன் அப்படித்தான் செய்தான்.

செல்வம் சித்தப்பா: டேய், அதை மட்டும் செய்யாதே.

செல்வம் சித்தப்பா: ஸ்பிரிங்கில் சுற்று குறையக் குறைய விறைப்பு ஏறும். வண்டி இறங்கும், கூடவே குழிக்குக் குழி முதுகில் இடிக்கும். ஷாக் முழுதாக நீண்டு நிற்கும்போது வெட்டின ஸ்பிரிங் உள்ளே லொடலொட என்று ஆடும். கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். ஸ்பிரிங்கின் பதமே போய்விடும்.

கார்த்தி: சரி சித்தப்பா. குட்டை ஷாக்?

செல்வம் சித்தப்பா: தட்டச்சு செய்கிறேன், இரு. கண்ணாடி எடுத்து வருகிறேன்.

மீனா அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வம் சித்தப்பா: பின்னால் ஒன்றரை அங்குலம் இறக்கினால் சீட்டும் ஒன்றரை இறங்கும் என்று நினைக்காதே தேனு. முன் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வண்டி அதை வைத்துத்தான் சாய்கிறது. நீ உட்காருவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். அதனால் உனக்குக் கிடைப்பது சுமார் ஒரு அங்குலம்தான். அந்த ஒரு அங்குலத்துக்குக் கொடுக்கிற விலையைப் பார். சைடு ஸ்டாண்ட் அதே நீளம், வண்டி மட்டும் இறங்கியிருக்கும். அப்போது சாயாமல் நேராக நிற்கும், காற்றடித்தாலே வலது பக்கம் விழும். டபுள் ஸ்டாண்டும் அதே நீளம்தான். இப்போதே அதைப் போட உனக்கு மூச்சு வாங்குகிறது. வண்டி இறங்கினால் இன்னும் கூடுதலாகத் தூக்க வேண்டும். வண்டி 160 கிலோவுக்கு மேல்.

தேன்மொழி: அதை நான் யோசிக்கவே இல்லை. ஸ்டாண்டை வெட்டிச் சின்னதாக்க முடியாதா?

செல்வம் சித்தப்பா: முடியும். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே போகலாம்! செயின் தொய்வு மாறும், ஆளை உட்கார வைத்து மறுபடி பார்க்கணும். ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கும். பின்னால் ஆள் ஏறிப் பெரிய குழியில் விட்டால் டயர் மட்கார்டில் உரசும். வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 1370 மி.மீ., அதில் பின்பக்கம் 25 மி.மீ. இறங்கினாலே முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் ஏறத்தாழ ஒரு டிகிரி படுத்துவிடும். ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். மற்ற வண்டி என்றால் போர்க் குழாயைக் கொஞ்சம் மேலே நழுவவிட்டு முன்பக்கத்தையும் சமன் செய்யலாம். இந்தப் பழைய புல்லட்டில் குழாய் மேலே ஹெட்லைட் கூட்டில் மரை ஏறி நிற்கிறது, நகராது.

ராஜா மாமா: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. பார்த்துச் செய்யுங்கள்.

செல்வம் சித்தப்பா: பிராக்கெட் வெல்டிங் வைத்து சேசிஸில் கை வைத்தால் அந்த வம்பு வரும் மாமா. அதுவரை நாம் போகப்போவதில்லை.

தேன்மொழி: அப்போ என்னதான் செய்வது?

செல்வம் சித்தப்பா: ஒரு நூல் எடு. ஒரு முனை இடது பக்கம் தரையில், சீட் மேலே போட்டு, மறுமுனை வலது பக்கம் தரையில். நீ கால் வைக்கிற இடத்தில் வைத்துப் பிடி. அந்த நூல் நீளம்தான் உன் காலுக்குத் தெரியும் கணக்கு. சீட் உயரம் மட்டும் அல்ல, அகலமும் அதில் சேரும். உங்கள் அப்பா நீளமான சீட் போட்டிருக்கிறார், முன்பக்கமே பலகை மாதிரி அகலம். தொடை விரிந்துகொண்டே போனால் கால் எப்படிக் கீழே எட்டும்?

அப்பா: அந்த சீட்டில் நான் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன்.

அம்மா: இடுப்பு வலி வந்ததும் அதில்தான்.

செல்வம் சித்தப்பா: 😂 சீட் தைக்கிறவரிடம் கொடு. முன் ஓரத்தை இரண்டு பக்கமும் சரித்துச் சீவச் சொல். மேலே முக்கால் அங்குலம் எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுத்தால் அடிப்பலகை குத்தும். பழைய ஸ்பாஞ்சைத் தனியாக எடுத்து வைக்கச் சொல், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டலாம். ஷாக்கைக் கடைசியில் பார்ப்போம்.

கார்த்தி: ஷாக்கின் அடியில் ஸ்பிரிங்கை இறுக்க, தளர்த்த படிப்படியாக ஒரு வளையம் இருக்குமே, அது?

செல்வம் சித்தப்பா: நல்ல கேள்வி. அண்ணா, நீங்கள் மாற்றிய கேஸ் ஷாக்கில் அது இருக்கிறதா? எந்தப் படியில் இருக்கிறது?

அப்பா: இருக்கிறது. மேல் படியில்தான் இருக்கும். நாங்கள் இரண்டு பேர், சாமான் வேறு.

செல்வம் சித்தப்பா: அப்படியென்றால் அதுவே ஒரு காரணம். ஒல்லியான பெண் ஒருத்தி மட்டும் போகிற வண்டி இரண்டு பேருக்கான டைட்டில் நிற்கிறது. வளையத்தைக் கொக்கி போட்டுத் திருப்புகிற ஹூக் ஸ்பேனரால் கீழ்ப் படிக்குக் கொண்டுவந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். இரண்டு பக்கமும் ஒரே படி இருக்கணும். பின்னால் ஆள் ஏறினால் திரும்ப ஏற்றிவிடு.

தேன்மொழி: சூப்பர் 😍 இன்னொன்று. நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுவது? ஸ்கூட்டர் பழக்கத்தில் இடது கால்தான் தானாக இறங்குகிறது.

செல்வம் சித்தப்பா: இது 94 மாடல். கியர் வலது கால், பின் பிரேக் இடது கால். இடது காலை ஊன்றினால் பின் பிரேக் போய்விடும், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும். நிற்பதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடு, வலது காலை ஊன்று. ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும் அல்லவா? நாம் இடது பக்கம் போகிறோம், அதனால் வலது காலுக்குத் தரை கொஞ்சம் மேலே வரும். அந்தக் கால் முழுதாகப் பதிந்தால் போதும். இரண்டு காலும் பதியணும் என்று யாரும் சொல்லவில்லை.

ராஜா மாமா: 👍👍

மீனா அத்தை: நான் அழித்தது ஸ்கூட்டர் விலைப் பட்டியல். தேவைப்பட்டால் சொல்.

அப்பா: ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா செல்வம்? ஹூக் ஸ்பேனர் என்னிடம் இல்லை.

செல்வம் சித்தப்பா: கொண்டு வருகிறேன் அண்ணா. தேனு, வழக்கமாக எந்தச் செருப்பில் ஓட்டுவாயோ அதையே போட்டுக்கொண்டு நில், அப்போதுதான் கால் எவ்வளவு எட்டுகிறது என்று சரியாகத் தெரியும்.

அம்மா: சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.