மானாவாரி ராகி: விளைச்சலைத் தீர்மானிப்பது விதைக்கும் பட்டமா, செடிகளின் இடைவெளியா?

மேட்டுக்காடு:
பாலக்கோட்டுப் பக்கம் மழையை மட்டும் நம்பி ராகி வைப்பவன் நான். எங்களுக்கு 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதே முதல் விதி. 110 முதல் 120 நாள் வயதுடைய ரகத்தை ஆவணி கழிந்து விதைத்தால், மணி பிடிக்கும் நேரத்தில் தருமபுரி மாவட்டத்தில் மழை ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு இடைவெளியை எப்படித் திருத்தினாலும் போன ஈரம் திரும்பாது.

குழிராகி:
காலம் தவறக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரே மழையில், ஒரே நாளில் விதைத்த இரண்டு கொல்லைகளின் விளைச்சல் வேறுபடுவது ஏன்? கைவீச்சாக விதைத்து, அடர்ந்த செடிகளைக் கலைக்காமல் விட்ட பயிர் ஒன்றையொன்று நெருக்கி, தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) கட்டாமல் மெலிகிறது, களையெடுக்கவும் வழியில்லை. 30க்கு 10 செ.மீ. என்ற வழக்கமான பரிந்துரைப்படி சதுர மீட்டருக்கு 33 செடிகள் நிற்கும். கர்நாடகத்தின் ஹாவேரி உழவர்களோ குழி ராகி முறையில் ஏறத்தாழ 45 செ.மீ. சதுரத்துக்கு ஒரு குழி போட்டு, குழிக்கு இரண்டு நாற்று நடுகிறார்கள். சதுர மீட்டருக்குப் பத்து நாற்றுகள்தாம். இளம்பயிர்மேல் மரக்கட்டையை இழுத்து மடக்கிவிடுவதால் தூர் பெருகி, செடி குறைந்த இழப்பைக் கதிர்கள் ஈடுசெய்கின்றன.

மேட்டுக்காடு:
அந்தத் தூர் கட்டுவதற்கு நாளும் ஈரமும் வேண்டுமே, ஐயா! ஓராண்டு புரட்டாசி பிறந்த பின் நானும் 45 செ.மீ. விட்டு நட்டேன். செடிக்கு மூன்று தூர்கூடக் கட்டவில்லை. இடையில் கிடந்த வெற்று நிலமெல்லாம் களை. தாமதமானால் வரிசையை 22.5 செ.மீ. ஆகக் குறைத்து, தாய்த்தண்டின் கதிரை நம்புவதே அறிவு. ஆகவே இடைவெளி எவ்வளவு என்பதை விதைக்கும் தேதிதான் சொல்ல வேண்டும்.

குழிராகி:
இந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். தேதியைக் கேட்காமல் இடைவெளியைச் சொன்னது என் குறை. ஆனாலும் நாற்றங்காலை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆடித் தொடக்கத்தில் நான்கு பாத்தி விதைத்து வைத்தால், மழை பிந்தினாலும் 20 நாள் வயது கையில் இருக்கும்.

மேட்டுக்காடு:
கிணறு இல்லாத என் காட்டுக்கு அது குடத்து நீரில்தான் நடக்கும். மழை மேலும் தள்ளிப்போனால் நாற்று முற்றித் தூர் கட்டும் திறனை இழந்துவிடும். ஆகையால் வரும் ஆடியில் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாள் விட்டு இரண்டு தவணையாக விதைத்துப் பார்க்கிறேன். முதல் தவணைக்கு மட்டும் உங்கள் அகன்ற இடைவெளி.