பார்க்குக்கு சிட்டி தண்ணி, ட்ரெய்னேஜ் லைன் வருதாம்... செலவு யார் தலையில?

வேலிவாசி:
வணக்கம் மக்களே. கலிஃபோர்னியா சென்ட்ரல் வேலி பக்கம் ஊர் எல்லைக்கு வெளிய ஒரு மொபைல் ஹோம் பார்க்ல (ரெடிமேடா செஞ்சு கொண்டு வந்து வைக்கற வீடுங்க இருக்கற இடம்) இருக்கோம். வீடு நம்மளது, இடம் பார்க் ஓனரோடது, மாசாமாசம் ஸ்பேஸ் ரென்ட். இத்தனை வருஷமா பார்க்கோட சொந்த போர் தண்ணியும் செப்டிக் டேங்கும்தான். தண்ணில நைட்ரேட்ங்கிற உப்பு லிமிட்டுக்கு மேலன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டே இருக்காங்க, மழை வந்தா கடைசி வரிசை வீட்டுக்குப் பின்னாடி மண்ணு சொதசொதன்னு ஆயி நாத்தம் குடலப் புடுங்குது. இப்ப சிட்டி லைன் இழுக்கப் போறாங்களாம், செலவு யாருதுன்னு மேனேஜர்கிட்ட கேட்டா "பாத்துக்கலாம்"ங்கிறார். ரென்ட்ல ஏத்திருவாங்களா? அப்புறம் அதுவரைக்கும் போர் தண்ணிய கொதிக்க வச்சு கைக்குழந்தைக்கு பால் பவுடர் கலக்கலாமா? மாமியார் தாராளமா கலக்கலாம்ங்கிறாங்க.

பைப்பண்ணன்:
கடைசி கேள்விக்கு முதல்ல பதில். கலக்கவே கூடாது தம்பி. கொதிக்க வச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணி ஆவியாகி அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும். லிமிட் நைட்ரஜன் கணக்குல லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதுக்கு மேல போனா ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம உடம்பு நீலம் பாரிக்கலாம். கேன் தண்ணியே வாங்குங்க. மாமியார்கிட்ட பக்குவமா சொல்லுங்க.

லைன் விஷயத்துக்கு வரேன். நான் இந்த டிசைன் வேலையிலதான் இருக்கேன். பெரும்பாலும் சிட்டி பைப் பார்க் வாசல் வரைக்கும்தான் வரும், அங்க பார்க் முழுக்க சேர்த்து ஒரு மாஸ்டர் மீட்டர் வைப்பாங்க, அதுக்கு உள்ள இருக்கறதெல்லாம் ஓனர் சொத்து. சிக்கலே அங்கதான். போர் பம்ப்ல நாப்பது பிஎஸ்ஐ (தண்ணி அழுத்தத்தோட அளவு) பாத்துப் பழகின பழைய பைப்ல திடீர்னு எழுபது எண்பதுன்னு சிட்டி பிரஷர் ஏறினா எங்கெங்கயோ பிச்சுக்கும், ஒழுகுற தண்ணியும் சேர்ந்து அந்த ஒரே மீட்டர்ல ஓடும், அந்த பில்ல கடைசில யார் தலையில கட்டுவாங்கன்னு நான் சொல்லணுமா என்ன. அதனால மீட்டிங்ல ஒரே கேள்வி கேளுங்க: உள்ள பைப்பையும் மாத்துறீங்களா இல்லையா? ட்ரெய்னேஜுக்கும் அதேதான், பழைய லைன்ல விரிசல் இருந்தா மழைத்தண்ணி பூரா உள்ள பூந்துரும். செப்டிக் டேங்க காலி பண்ணி மண்ணோ மணலோ போட்டு நிரப்பணும், அப்படியே மூடி போட்டு விட்டா பின்னால உள்வாங்கும்.

சாண்டி:
பைப்பண்ணன் சொல்றது நெசம். எங்க பார்க்லயும் இதே கூத்துதான், முதல் பில்லப் பாத்து எல்லாரும் ஆபீஸ் முன்னாடி கூடிட்டோம். உங்களுக்கு சப்மீட்டர் (வீட்டுக்கு வீடு தனி மீட்டர்) வச்சா பில்லுல ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங் ரெண்டும் போட்டே ஆகணும், சட்டம் இருக்கு. மீட்டர் மேல சந்தேகம்னா கவுன்ட்டியில எடை அளவு பாக்குற டிபார்ட்மென்ட்ல சொல்லலாம்.

கோப்புக்காரன்:
பணம் எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க. 2015ல வந்த சட்டப்படி, மோசமான சின்ன தண்ணி சிஸ்டத்தை பக்கத்து ஊரோட சேர்க்கச் சொல்லி ஸ்டேட் வாட்டர் போர்டு ஆர்டரே போடலாம். 2019ல எஸ்பி 200ங்கிற ஸ்டேட் சட்டம் வந்து வருஷத்துக்கு 130 மில்லியன் டாலர் வரைக்கும் 2030 வரை ஒதுக்கியிருக்கு. கிராண்ட்டா லோனான்னு பாருங்க, லோன்னா திருப்பிக் கட்டணும், யாராவது கட்டித்தான ஆகணும்.

எல்லா பார்க்குக்கும் இது செல்லாதுங்கறதையும் சொல்லிடறேன். தெற்கு கலிஃபோர்னியால தெர்மல்ங்கிற ஊர் பக்கம் ஒயாசிஸ் பார்க் டோரஸ் மார்டினெஸ் பழங்குடி நிலத்துல இருக்கு, அங்க ஸ்டேட் கை நீளாது, மத்திய அரசோட சுற்றுச்சூழல் துறை இபிஏதான் 2019ல அவசர ஆர்டர் போட்டுச்சு. தண்ணில ஆர்செனிக்ங்கிற விஷத்துக்கு லிமிட் 10 பிபிபி (நூறு கோடில பத்து பங்கு), அங்க 97 வரைக்கும் இருந்துச்சு. உங்க பார்க் சாதா கவுன்ட்டி நிலம்னா அந்தத் தலைவலி இல்ல.

வேலிவாசி:
ரொம்ப நன்றிங்க, கேன் தண்ணிக்கு மாறியாச்சு. அக்ரிமென்ட்ட எடுத்துப் பாத்தேன், தண்ணியும் ட்ரெய்னேஜும் ரென்ட்லயே சேர்த்தின்னு போட்டிருக்கு. இப்ப தனியா பில் போட முடியுமா?

கோப்புக்காரன்:
அக்ரிமென்ட்ல தனி பில் கூடாதுன்னு குறிப்பா போடலேன்னா போடலாம், ஆனா அதே நேரத்துல ரென்ட்ட அந்த அளவுக்குக் குறைக்கணும். முந்தின 12 மாசம் உங்க இடத்துக்கு பார்க் கட்டின சராசரிய வச்சு கணக்கு. உங்களுக்கு சொந்த போர், அதனால பில்லே கிடையாது, எதைக் குறைக்கிறதுன்னு ஓனர் நழுவப் பாப்பார். தனியா போகாதீங்க, நாலு குடும்பமா சேர்ந்து லீகல் எய்டுக்குப் போங்க. அந்த அக்ரிமென்ட்ட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, புதுசா எந்தப் பேப்பர் நீட்டினாலும் படிக்காம கையெழுத்து போட்டுராதீங்க.